வீட்டில் ஒயின் அறை: ரேக் வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

வீட்டில் ஒயின் அறை கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ரேக்கைத்தான் தேடுகிறார்கள். படத்தில் பார்த்த மர ரேக், கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு என்று எல்லாம் முடிவான பிறகு, ஒரு மூலையில் ஏசி மாட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆறு மாதத்தில் சுவர் பூஞ்சை பிடிக்கும், லேபிள் உரியும், இயந்திரம் நிற்காமல் ஓடும். சரி செய்ய ரேக்கைக் கழற்றிச் சுவரையே பிரிக்க வேண்டிவரும்.

கட்டப்போவது ஒரு குளிர்ப்பெட்டி. அழகு அதற்குள் கடைசியாக வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளிலிருந்து தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் ரேக்கில் முடிப்பதுதான் சரியான வரிசை. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். இடையில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் அதற்காக எதையாவது உடைக்க வேண்டியிருக்கும்.

1. இலக்கை எண்களில் எழுதிக்கொள்ளுங்கள்

அறைக்குள் என்ன நிலவ வேண்டும் என்பது தெரியாமல் யாரிடமும் மதிப்பீடு கேட்காதீர்கள்.

வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். 13 என்று வைத்துக் கணக்குப் போடலாம். 11-லோ 15-லோ இருந்தால் ஒயின் கெட்டுவிடாது. ஆனால் ஒரே நாளில் ஏறி இறங்கக் கூடாது. சூடேறும்போது ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கார்க்கின் பிடி தளர்ந்து ஆக்சிஜன் உள்ளே போகும்.

ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். அதற்குக் கீழே நெடுநாள் இருந்தால் கார்க்கின் வெளிமுனை காய்ந்து சுருங்கும். 75, 80-ஐத் தாண்டினால் லேபிளிலும் மரத்திலும் பூஞ்சை வரும்.

வெளிச்சம், அதிர்வு, வாசனை மூன்றும் முடிந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் ஒயினின் மணத்தைக் கெடுக்கும். நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் இந்தக் கேடு சீக்கிரம் நடக்கும். பெயிண்ட், டீசல், வெங்காயம் போன்ற கடும் வாசனை உள்ள எதற்கும் இந்த அறையில் இடம் இல்லை.

2. எத்தனை பாட்டில், எவ்வளவு காலம்

இன்று கையில் இருப்பதை எண்ணி அறையின் அளவை முடிவு செய்வதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. மாதம் எத்தனை வாங்குகிறீர்கள், எத்தனை திறக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். மாதம் 6 வாங்கி 4 குடித்தால் ஆண்டுக்கு 24 பாட்டில் சேரும். ஐந்தாண்டில் 120. அதோடு இப்போது இருப்பதைக் கூட்டி, கால் பங்கு காலியிடம் சேருங்கள். அந்த எண்தான் உங்கள் அறை.

கணக்கு 100, 150-க்குள் முடிந்தால் அறையே வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல ஒயின் ஃபிரிட்ஜ் ஒன்றோ இரண்டோ அந்த வேலையைச் சரியாகச் செய்யும். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டும் போகலாம்.

இன்னொன்று: வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குச் சில இடங்களில் சட்ட வரம்பு உண்டு, உரிமமும் தேவைப்படும். உங்கள் பகுதியின் விதியை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

3. இடம் தேர்வு

வீட்டிலேயே வெப்பம் மிகக் குறைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும் மூலைதான் நல்ல இடம். வெளிச்சுவர் இல்லாத உள்ளறை, வெயில் படாத பக்கம், தரைத்தளம் என்று தேடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை, சமையலறையை ஒட்டிய சுவர், வாஷிங் மெஷின், ஜெனரேட்டர், வாட்டர் ஹீட்டர் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

நிலவறை தோண்டினால் தானாகவே குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். சராசரி 11, 12 டிகிரி உள்ள குளிர் நாடுகளில் நிலவறை இயந்திரமே இல்லாமல் ஒயினைக் காப்பது அதனால்தான். சராசரி 28 டிகிரி உள்ள ஊரில் எவ்வளவு தோண்டினாலும் 28-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அங்கே நிலவறையால் கிடைப்பது சீரான வெப்பம் மட்டுமே. கூடவே தண்ணீர் ஊறும் ஆபத்தும் வரும்.

மாடிப்படிக்குக் கீழுள்ள இடம் பரவாயில்லை. கான்கிரீட் படி என்றால் அதிர்வு பெரிதாக இருக்காது. மரப்படியாக இருந்தால் ஒருவரை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து அதன் மேற்பரப்பைப் பாருங்கள். தண்ணீர் நடுங்கினால் வேறு இடம் பாருங்கள்.

4. தரை தாங்குமா

மாடியில் கட்டுபவர்கள் மறக்கும் படி இது. நிரம்பிய 750 மில்லி பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ. ரேக்கில் ஒரு பாட்டிலுக்கு 10 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் ரேக் முகப்பில் 100 பாட்டில், ஒன்று 1.3 கிலோ என்று வைத்தால் 130 கிலோ. 2.2 மீட்டர் உயர ரேக்கில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 280 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் சுவரை ஒட்டிய 35 செ.மீ. அகலப் பட்டையில் இறங்கும்.

வீட்டு மாடித் தளங்களை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். ஆகவே தரைத்தளம் அல்லாத எந்த இடத்துக்கும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் "அதெல்லாம் தாங்கும்" இங்கே போதாது.

5. வெப்பக் கணக்கு

இயந்திரம் வாங்கும் முன் அது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். கடைக்காரர் அறையின் கன அளவை மட்டும் கேட்டுவிட்டு மாடலைச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில் ஒன்று கண்ணாடிச் சுவர், மற்றது ஃபோம் வைத்த சுவர் என்றால் தேவை இரண்டு மடங்குக்கு மேல் மாறும்.

கணக்கு எளிது. பரப்பை வெப்ப வேறுபாட்டால் பெருக்கி, வெப்பத் தடை மதிப்பால் (சுவரோ கூரையோ வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, மெட்ரிக் அலகில்) வகுத்தால் வாட் கிடைக்கும். ஓர் உதாரணம்: 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம். சுற்றியுள்ள அறைகளில் அதிகபட்சம் 32 டிகிரி, உள்ளே 13. வேறுபாடு 19.

சுவர் (கதவு நீங்கலாக) 19.8 சதுர மீட்டர், தடை மதிப்பு 3.2: சுமார் 118 வாட்.
கூரை 5 சதுர மீட்டர், தடை மதிப்பு 5: 19 வாட்.
தரை 5 சதுர மீட்டர், தடை மதிப்பு 1.5: 63 வாட்.
இரட்டைக் கண்ணாடிக் கதவு 1.8 சதுர மீட்டர், தடை மதிப்பு சுமார் 0.36: 96 வாட்.

மொத்தம் 300 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. கதவு திறப்பது, விளக்கு, உள்ளே நிற்கும் ஆள் (ஒருவர் மட்டுமே சுமார் 100 வாட் வெப்பம் விடுவார்) எல்லாவற்றுக்குமாக 25, 30 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 400 வாட் வரும். குளிர்விக்கும் இயந்திரங்களின் திறனைச் சொல்லும் பி.டி.யு. அலகில் இது மணிக்கு சுமார் 1,365.

கதவின் எண்ணைக் கவனியுங்கள். 1.8 சதுர மீட்டர் கண்ணாடி, பதினொரு மடங்கு பெரிய சுவருக்கு ஏறத்தாழ ஈடாக வெப்பத்தை உள்ளே விடுகிறது. அந்த நீளச் சுவர் ஒன்றை, 6 சதுர மீட்டரை, முழுக்க இரட்டைக் கண்ணாடியாக மாற்றினால் 36 வாட் இருந்த இடத்தில் 319 வாட் வரும். கண்ணாடிச் சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த 319 வாட்டை இப்போதே கணக்கில் சேருங்கள் என்கிறேன். இன்டீரியர் டிசைனர் படம் வரைந்த பிறகு "ஒரு பக்கம் கண்ணாடி வைத்துக்கொள்ளலாமே" என்று சொல்வார். அப்போது இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

6. குளிர்விக்கும் இயந்திரம்

சாதாரண ஏசி பெரும்பாலும் 16 அல்லது 18 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதன் சென்சாரை ஏமாற்றி இன்னும் இறக்கும் கருவிகள் உண்டு. ஆனால் மனிதர்களுக்கான ஏசி, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் வகையில்தான் செய்யப்பட்டிருக்கிறது. கார்க்குக்கு அது ஆகாது. பல நிறுவனங்களின் வாரன்டியும் போய்விடும். ஒயின் அறைக்கென்றே வரும் இயந்திரங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

சுவரில் துளையிட்டுப் பொருத்தும் ஒற்றை இயந்திரம்: விலை குறைவு, பொருத்துவது சுலபம். ஆனால் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தையும் கம்ப்ரஸர் இழுத்த மின்சாரத்தின் வெப்பத்தையும் அடுத்த அறையில்தான் கொட்டும். அந்த அறை சிறியதாகவும் மூடியும் இருந்தால் அதன் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், இயந்திரம் தான் விட்ட சூட்டையே எதிர்த்துப் போராடும். இந்த வகையில் பல மாடல்கள், பின்பக்க அறையைவிட 16, 17 டிகிரி மட்டுமே குளிர்விக்கும். பின்பக்கம் 35 என்றால் 13 எட்டாது. சத்தமும் உண்டு. மாடியேறும் வழியிலோ படுக்கையறைப் பக்கமோ இதன் பின்பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

ஸ்ப்ளிட் வகை: கம்ப்ரஸர் வீட்டுக்கு வெளியே போய்விடும். சத்தம் குறைவு, அதிர்வும் குறைவு. குளிர்பதனக் குழாய் இழுக்கத் தெரிந்த ஏசி மெக்கானிக் வேண்டும்.

டக்ட் வகை: இயந்திரம் வேறோர் இடத்தில் இருக்க, காற்று மட்டும் குழாய் வழியே வந்து போகும். அறைக்குள் எதுவும் கண்ணில் படாது. டக்டுக்கும் இன்சுலேஷன் தேவை, டக்ட் நீளமானால் திறன் குறையும்.

எதை வாங்கினாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட திறனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளி வெப்பம் கூடக் கூடத் திறன் இறங்கும்; உங்கள் ஊர் உச்ச வெயிலில் எத்தனை வாட் தரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள்.

பெரியதாக வாங்கினால் நல்லது என்பதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். வெப்பமும் ஈரப்பதமும் நாள் முழுக்க அலைபாயும். கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும்.

7. சுவரை மூடும் முன் உள்ளே போக வேண்டியவை

மாடல் முடிவானதும் அதன் வரைபடத்தை வைத்துக்கொண்டு சுவரில் குறிக்க வேண்டியதைக் குறியுங்கள். இயந்திரத்துக்குத் தனி மின் சர்க்யூட், எர்த் உட்பட. குளிர்பதனக் குழாய் போகும் வழி. காயிலில் சேரும் தண்ணீர் வடிய டிரெயின் குழாய், சரிவோடு. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிறகு ஒரு வாளியை வைத்து, தினமும் கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

விளக்கு ஸ்விட்ச் வெளியில் இருக்கட்டும். எல்.இ.டி. போதும்; புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை, சூடும் குறைவு. டைமர் ஒன்று வைத்தால் மறந்து எரியவிடும் பிரச்சினை தீரும். எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை அறைக்கு வெளியே வைக்க முடிந்தால் அந்தச் சூடும் உள்ளே வராது.

ரேக்கைப் பிடிக்கும் கட்டைகளும் இப்போதே வேண்டும். 280 கிலோ ரேக்கை ஜிப்சம் போர்டில் ஸ்க்ரூ போட்டு நிறுத்த முடியாது. பின்னால் குறுக்குக் கட்டை அடித்து, தரையிலிருந்து அதன் உயரத்தை எழுதி, சுவரை மூடும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள். அளவு நாடா தெரியும்படி எடுங்கள்.

8. நீராவித் தடுப்பும் இன்சுலேஷனும்

முழு வேலையிலும் இந்தப் படியைத்தான் நின்று நிதானமாகச் செய்ய வேண்டும். இதில் பிசகினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அறை தோற்கும்.

குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போலத்தான் இங்கேயும் நடக்கும். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழுள்ள எதைத் தொட்டாலும் தண்ணீர் விடும். உங்கள் சுவரின் வெளிமுகம் 30, உள்முகம் 13. அப்படியானால் இன்சுலேஷனின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திலேயே 24 டிகிரி வந்துவிடும். ஈரக் காற்று அதுவரை ஊடுருவினால் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் சேரும். இன்சுலேஷன் நனைந்தால் வெப்பத்தைத் தடுக்காது, மரம் உளுத்துப்போகும், பூஞ்சை உள்பக்கம் வரும்போதுதான் விஷயமே தெரியும்.

எனவே நீராவித் தடுப்பு வெப்பமான பக்கத்தில், அதாவது இன்சுலேஷனுக்கு வெளியே வர வேண்டும். 0.15 மி.மீ. பாலித்தீன் ஷீட் போதும். குளிர் நாட்டு வீடு கட்டும் காணொளிகளில் ஷீட்டை அறையின் உள்பக்கம் ஒட்டுவார்கள். அங்கே சூடான பக்கம் உள்ளே இருக்கிறது. ஒயின் அறையில் தலைகீழ். வேலையாட்கள் பழக்கத்தில் உள்ளே ஒட்டிவிடுவதையும், "பாதுகாப்புக்கு" இரண்டு பக்கமும் ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒட்டினால் நடுவில் மாட்டிய ஈரம் வெளியேற வழியே இருக்காது.

செங்கல் சுவர் என்றால் வரிசை இது: சுவரின் மேல் பாலித்தீன், அதன்மேல் ஃபோம் போர்டு, அதன்மேல் ஜிப்சம் போர்டு. ஷீட் சேரும் இடத்தில் 15, 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து டேப் ஒட்டுங்கள். நான்கு சுவர், கூரை, தரை ஆறிலும் தொடர்ச்சியாக வர வேண்டும். வயரும் குழாயும் நுழையும் ஒவ்வோர் ஓட்டையையும் சீலன்ட் வைத்து அடையுங்கள்.

இன்சுலேஷனுக்கு எக்ஸ்.பி.எஸ். (பாலிஸ்டைரீன் ஃபோம்) போர்டு 10 செ.மீ. அல்லது பாலியூரித்தேன் ஸ்ப்ரே ஃபோம் 8 செ.மீ. சுவரில் இருந்தால் மேலே கணக்கிட்ட மதிப்பு கிட்டத்தட்ட வரும். கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம் 13 செ.மீ., தரைக்கு எக்ஸ்.பி.எஸ். 5 செ.மீ. போர்டை ஒரே 10 செ.மீ. தடிமனில் ஒட்டுவதைவிட இரண்டு 5 செ.மீ. அடுக்காக, முதல் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் வரும்படி ஒட்டுவது மேல். இணைப்புகளில் டப்பா ஃபோம் அடித்து நிரப்புங்கள். வெறும் தெர்மாகோல் மலிவுதான், ஆனால் நாள்பட ஈரம் இழுக்கும். கண்ணாடிப் பஞ்சு வைப்பதானால் நீராவித் தடுப்பில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது.

மூடிய செல் ஸ்ப்ரே ஃபோம் (உள்ளிருக்கும் குமிழிகள் ஒன்றோடொன்று திறக்காத வகை) 5 செ.மீ.க்கு மேல் அடித்தால் அதுவே நீராவியைப் பெருமளவு தடுக்கும், மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். பழக்கப்பட்ட ஆள் கிடைத்தால் இதையே எடுங்கள். அடித்த பிறகு அதன் வாசனை முழுக்கப் போகும்வரை அறையைத் திறந்து வையுங்கள்.

உலோகச் சட்டம் ஃபோமைக் கடந்து ஒரு முகத்திலிருந்து மறு முகம்வரை போனால் அந்தக் கோடு முழுக்க வெப்பம் கடத்தும். சட்டம் அடித்தே ஆக வேண்டுமானால் மரச்சட்டம் நல்லது.

9. உட்சுவர், தரை, பெயிண்ட்

ஈரம் தாங்கும் பச்சை ஜிப்சம் போர்டு அல்லது சிமென்ட் போர்டு. ஃபோமை வெறுமையாக விடக் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும். தரைக்கு டைல் அல்லது கல், கம்பளம் வேண்டாம். பெயிண்ட் தண்ணீரில் கரைவதாக, வாசனை குறைந்ததாக இருக்கட்டும். அடித்துவிட்டுக் காய விடுங்கள், அவசரப்படாதீர்கள்.

10. கதவு

படுக்கையறைக் கதவு இங்கே உதவாது. வெளிவாசல் கதவுபோல் தடித்து, நான்கு பக்கமும் ரப்பர் பட்டையோடு இருக்க வேண்டும். மூன்று பக்கம் ஒட்டிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. குளிர்காற்று கனமானது, அந்த இடுக்கு வழியாகத்தான் வழிந்து போகும். வாசற்படிக் கட்டையோ, மூடும்போது தானாக இறங்கும் பட்டையோ வைக்கலாம்.

கண்ணாடி வேண்டுமானால் இரட்டைக் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடி, வெளியே ஈரம் அதிகமான நாட்களில் தண்ணீர் விட்டுத் தரையில் குளம் கட்டும். வெப்பத்தையும் இரட்டைக் கண்ணாடியைவிட இரண்டு மடங்கு விடும்.

சோதனை: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே இடுக்கு. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் தூரத்திலும் செய்யுங்கள். பிறகு ஒருவர் இருட்டில் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டே ஓரமாக நகர்ந்தால், மிச்ச இடுக்குகளும் தெரியும்.

11. வெறும் அறையை ஓட்டிப் பாருங்கள்

ரேக்கும் பாட்டிலும் வருவதற்கு முன் இயந்திரத்தைப் பொருத்தி ஒரு வாரமாவது ஓட விடுங்கள். இந்தக் கட்டத்தில் தெரியும் குறையைத்தான் சுலபமாகச் சரிசெய்ய முடியும்.

ஈரப்பதமானியை முதலில் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அந்த மானி 7 குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். மலிவான மானிகள் பெட்டியிலிருந்து எடுத்ததும் சரியாகக் காட்டுவது அபூர்வம்.

வெப்பமானிகளைத் தரைக்கு அருகிலும் கூரைக்கு அருகிலும் வையுங்கள். இரண்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இயல்பு. வெள்ளை ஒயினைக் கீழும் சிவப்பை மேலும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு டிகிரி என்றால் காற்று சுழலவில்லை.

இயந்திரத்தின் சென்சார் நேராகக் குளிர்காற்று அடிக்கும் இடத்தில் இருந்தால் முன்கூட்டியே நின்றுவிடும். தள்ளி வையுங்கள். நீங்கள் படிக்கும் வெப்பமானியின் முனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு வைத்தால், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தாவும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டியிருக்காது. ஒயின் உணர்வதும் அந்தப் பாட்டில் காட்டும் எண்ணைத்தான்.

ஈரம் 50-க்குக் கீழேயே நின்றால் சின்ன ஈரப்பதமூட்டி வைக்கலாம். 75-க்கு மேல் போனால் வேறெதுவும் வாங்காமல் எட்டாவது படிக்கும் பத்தாவது படிக்கும் திரும்பிப் போய்க் கசிவைத் தேடுங்கள்.

12. இப்போது ரேக்

உட்சுவர் முடிந்த பிறகு எடுத்த அளவை வைத்துத்தான் ரேக் செய்யச் சொல்ல வேண்டும். வரைபட அளவில் செய்த ரேக், ஃபோமும் போர்டும் ஏறிய அறைக்குள் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நுழையாமல் நிற்கும். மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில் அளந்து, அதில் சிறியதை எடுங்கள்.

போர்தோ வகைப் பாட்டிலின் விட்டம் சுமார் 7.5 செ.மீ. பர்கண்டி பாட்டில் 8.5 செ.மீ.யைத் தொடும், ஷாம்பெயின் பாட்டில் அதையும் சற்றுத் தாண்டும். எல்லாக் குழியையும் போர்தோ அளவில் அடித்துவிட்டு, ஷாம்பெயினை வைக்க இடம் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய. உங்களிடம் இருப்பதிலேயே பருத்த பாட்டிலைத் தச்சரிடம் கையில் கொடுங்கள். 1.5 லிட்டர் மேக்னம் பாட்டிலுக்கு ஒரு வரிசையும், பெட்டியோடு வைக்கக் கீழ்த்தட்டும் விடுங்கள்.

கார்க் உள்ள பாட்டில் படுக்க வேண்டும். ஒயின் பட்டுக்கொண்டே இருந்தால்தான் கார்க் காயாது. ஸ்க்ரூ கேப் பாட்டில் நின்றாலும் கிடந்தாலும் ஒன்றுதான். விஸ்கி, பிராந்தி நிற்கட்டும்; அவற்றின் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.

ஒரே ஒயினைப் பெட்டி பெட்டியாக வாங்குபவருக்குச் சாய்சதுரத் தட்டுகள் இடத்தை மிச்சப்படுத்தும். விதவிதமாக ஒவ்வொன்று வாங்குபவருக்கு அவை தொல்லை, அடியிலிருக்கும் பாட்டிலுக்காக மேலே உள்ள அத்தனையையும் எடுக்க வேண்டும். மரமோ உலோகமோ, பசை வாசனையுள்ள பிளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் வேண்டாம், எம்.டி.எஃப். ஈரத்தில் ஊதும். காற்று வெளியேறும் வாய்க்கு முன்னாலும் உறிஞ்சும் வாய்க்கு முன்னாலும் ரேக் வரக் கூடாது. இயந்திரத்தைக் கழற்றிச் சர்வீஸ் செய்ய ஆள் கை நுழையும் இடமும் விடுங்கள்.

13. பாட்டில்களை ஏற்றுதல்

500 பாட்டிலை ஒரே நாளில் உள்ளே கொண்டுவராதீர்கள். அவற்றை 28 டிகிரியிலிருந்து 13-க்குக் கொண்டுவர ஏழு யூனிட் மின்சாரத்துக்கும் சற்று மேலான வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மேலே சொன்ன 400 வாட் இயந்திரத்தில், வெயில் நேரத்தில் சுவர் வழியே வருவதற்கே 300 போய்விட்டால் மிச்சம் 100. மூன்று நாளுக்குக் கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடும். 100, 150 என்று இரண்டு நாளுக்கு ஒரு தவணையாக ஏற்றுங்கள்.

ஏற்றும்போதே பட்டியலையும் போட்டுவிடுங்கள். நெடுவரிசைக்கு எழுத்து, குறுக்குவரிசைக்கு எண். பாட்டில் எங்கே இருக்கிறது, எந்த ஆண்டு, எதற்குள் திறக்க வேண்டும் என்ற மூன்று மட்டும் போதும். பாட்டிலின் கழுத்தில் அட்டை மாட்டினால் ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் யாரும் போட்டதில்லை.

மின்வெட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நிரம்பிய அறை, வெறும் அறையைவிட மிக மெதுவாகச் சூடேறும். நமது உதாரண அறையில் 500 பாட்டில் இருந்தால், உச்ச வெயிலில் ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று நான்கு மணி நேர வெட்டுக்காக ஜெனரேட்டர் வாங்கத் தேவையில்லை. திரை வெளியில் இருக்கும் வகை வெப்பமானியாக வாங்கி, மின்சாரம் வரும்வரை கதவைத் திறக்காமல் அதைப் பாருங்கள். நாள்கணக்கில் மின்சாரம் போகும் பகுதி என்றால் கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தையும் தாங்கும் ஜெனரேட்டர் வேண்டும். ஓடும்போது இழுப்பதைப்போல் அது பல மடங்கு. ஏழாவது படியில் எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே அதற்கான இணைப்பையும் போடச் சொல்லிவிடுங்கள்.